குடைக்கார அக்கா

தக்ஷாயினி கம்பஸ் வாசலில் குடையை விரித்ததும், எதிரே வந்துகொண்டிருந்த மூன்று பெண்பிள்ளைகள் பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் நின்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"குட் மோர்னிங் அக்கா," என்றார்கள் ஒரே குரலில்.

தக்ஷாயினி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

அவளுக்கு அது முதல் நாள். மற்றவர்களுக்கு வகுப்புத் தொடங்கி ஒரு கிழமை ஆகியிருந்தது. நல்ல நேரம் பார்த்து அவளுக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளித்து, தண்ணி வார்த்து முடியும்வரை களுவாஞ்சிக்குடி வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை. "தழும்பில வெயில் பட்டா கறுத்துப் போகும் புள்ள, குடைய மடக்கிராத," என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள்.

அந்த ஒரு கிழமைக்குள் ராக்கிங் பண்ணும் பகிடிவதைக்காரச் சீனியர்மார் முதலாம் வருடப் பெண்களுக்குச் சட்டம் போட்டு முடித்திருந்தார்கள். இரட்டைப் பின்னல், ரப்பர் செருப்பு, குடை கூடவே கூடாது. குடை சீனியர்மாருக்கு மட்டும். வெயில்கூட அங்கே வருடம் பார்த்துத்தான் அடித்தது. இதெல்லாம் தெரியாத தக்ஷாயினி, குடை போதாதென்று சேலையும் கட்டி வந்திருந்தாள். கம்பஸுக்கு எடுபடும் உயர்தரப் பரீட்சை மூன்றாம் தடவைதான் அவளுக்குக் கைகொடுத்தது. இடையில் முன்பள்ளியில் படிப்பித்ததில் சேலையும் டீச்சர் பார்வையும் உடம்போடு ஒட்டிவிட்டன.

வகுப்பில் அவள் ஒரு நீள மரவாங்கில் போய் இருந்தாள். அதில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

"ஏன் ஒழும்புறீங்க? இரிங்க."

"இல்ல அக்கா, நீங்க வசதியா இரிங்க."

ஆறு பேர் இருக்கும் வாங்கில் ஒற்றை ஆளாக இருந்து முதல் பாடத்தைக் கேட்டாள். வரவுத் தாள் வந்தது. பிந்தி வந்ததால் அவள் பெயர் அதில் அச்சாகவில்லை. அடியில் கையால் எழுதினாள். அப்படி அடியில் எழுதுகிறவர்கள் சோதனையில் கோட்டை விட்டுத் திரும்பப் படிக்க வரும் சீனியர்மார் மட்டும்தான் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

"ரிப்பீட்டாம்," என்று பின்னால் ஒரு குரல் குசுகுசுத்தது.

"பெயிலான சீனியர்தான் கூடக் கடிக்குமாம்," என்றது இன்னொன்று.

விசயம் விளங்கியதும் அடுத்த நாளே குடையை அறையில் வைத்துவிட்டு, பாவாடை, இரட்டைப் பின்னல், ரப்பர் செருப்போடு வந்தாள். அது இன்னும் மோசமாயிற்று. சீனியர் வேசம் மாற்றிக்கொண்டு உளவு பார்க்க வந்திருக்கிறாள் என்று வகுப்பே மூச்சடங்கிப் போனது.

முன்வாங்கில் இருந்த மேனுகாவிடம் போனாள். "நானும் உங்கட பெட்ச்தான்."

"ஓம் அக்கா."

"அக்கா எண்டு கூப்பிடாதங்க. தக்ஷாயினி எண்டு சொல்லுங்க."

மேனுகாவின் கண் கலங்கிவிட்டது. சீனியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒருத்தியை முட்டுக்காலில் நிறுத்திய கதையை அவள் கேட்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்க அக்கா. இனி முன்வாங்கில இருக்கமாட்டன்."

காட்டலாமென்றால் மாணவர் அட்டையும் வந்தபாடில்லை. உண்மையான சீனியர்மாரோ, வேறு ஏதோ வருடத்து ஆள் என்று அவளுக்கு வழிவிட்டுப் போனார்கள்.

வாயைக் கட்டினால் மனம் இளகும் என்று ஒருநாள் ஒரு பை நிறைய வடை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். எல்லாரும் வடையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள்.

"சாப்பிடுங்களன்," என்றாள்.

அத்தனை வடையும் ஒரே நேரத்தில் வாய்க்குள் போயின. முழுசாக.

"நல்லா இருக்கா?"

"ம்ம் அக்கா," என்றது வகுப்பு, கண் பிதுங்க.

பின்னேரம் கல்லடியில் அவள் வாடகைக்கு இருந்த அறைக்கு அம்மா போன் எடுத்தாள். "என்ன புள்ள, கூட்டாளிமார் சேந்துட்டாங்களா?"

"ஓம் அம்மா, நிறையப் பேர். என்னக் கண்டா ஒழும்பி நிக்கிற அளவுக்கு விருப்பம்."

போனை வைத்துவிட்டு அழுதாள். ஊரில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் "டீச்சர்" என்று சேலையைப் பிடித்து இழுத்த காலத்தில், கொஞ்சம் தனியாக இருக்க விட்டால் போதும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். இப்போது பகல் முழுக்க வாயைத் திறக்கக் காரணம் கிடைக்காமல் இருந்தது. மற்றதெல்லாம் பரவாயில்லை, தனியே சாப்பிடுவதுதான் அவளால் முடியவில்லை. கூட இருந்து சாப்பிட ஒரே ஒரு ஆள் போதும்.

கன்ரீனில் வாவி தெரியும் ஜன்னலோரத்து மேசை அவள் இருந்தால் காலியாகிவிடும். மூன்றாம் கிழமை ஒருநாள், முக்காடு போட்ட மெலிந்த பிள்ளை ஒன்று சுவரோடு ஒட்டி நின்று சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவதைக் கண்டாள். அன்பாகப் பேசினால்தானே எல்லாரும் ஓடுகிறார்கள் என்று, பழைய டீச்சர் குரலை எடுத்தாள்.

"நிண்டு சாப்பிடப்படாது. வந்து இரிங்க."

பிள்ளை திடுக்கிட்டுப் பார்த்தது. வந்து இருந்தது. சுற்றியிருந்த மேசைகளில் பேச்சு நின்றுபோனது.

"பேர் என்ன?"

"சப்னா. ஏறாவூர். விஞ்ஞானப் பிரிவு."

"உம்மா கட்டித் தந்த சோறா?"

"ஓம் அக்கா. இறால். எடுங்களன்."

வேறு பிரிவுப் புதுப்பிள்ளை, பயந்து வந்து இருந்துவிட்டது என்று தக்ஷாயினி முடிவு கட்டினாள். ஆனால் அந்த இறாலைப் போல ருசியான ஒன்றை அவள் அந்த மாதம் தின்னவில்லை.

"நாளைக்கும் இஞ்சதான் வரணும்," என்றாள், குரலை இளக விடாமல்.

"ஓம் அக்கா."

சப்னா வந்தாள். மறுநாளும் வந்தாள். இருவரும் கறி மாற்றிச் சாப்பிட்டார்கள். சப்னா சிரிக்கச் சிரிக்கக் கதைப்பாள். ஒருநாள், "ரிப்பீட் எழுதுறது கஷ்டமா அக்கா?" என்று கேட்டாள்.

"பழகிட்டு," என்றாள் தக்ஷாயினி. சப்னாவுக்குப் புரையேறிவிட்டது.

சந்தோசத்தோடு உறுத்தலும் வளர்ந்தது. பிரியப்பட்டு வருகிறாளா, பயந்து வருகிறாளா? முன்பள்ளிப் பிள்ளையை வெருட்டி விளையாட வைத்தமாதிரி ஆகிவிட்டதே என்று மனம் குத்தியது. இதற்கிடையில் அறிவித்தல் வந்தது: வெள்ளிக்கிழமை வரவேற்பு விழா, முதலாம் வருடத்தார் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து மாணவர் அட்டையைப் பெற வேண்டும். அங்கே குட்டு வெளிப்பட்டால் சப்னா அதற்குப் பிறகு இந்த மேசைப் பக்கம் வரமாட்டாள். சொல்லாமல் விட்டு அவளை ஏமாளியாக்கவும் மனம் கேட்கவில்லை.

வியாழன் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குள் ஒன்றும் போகவில்லை.

"சப்னா, ஒண்டு சொல்லணும். கோவிக்கப்படாது."

"சொல்லுங்க அக்கா."

"நான் அக்கா இல்ல. ரிப்பீட்டும் இல்ல. முதலாம் வருஷம். தனியச் சாப்பிட ஏலாமத்தான் உங்கள வெருட்டி இருத்தின நான். நாளைக்கு நீங்க பயந்துகொண்டு வரத் தேவல்ல."

சப்னா தன் பார்சலில் இருந்த பெரிய இறாலாகப் பார்த்து எடுத்து இவள் சோற்றில் வைத்தாள்.

"எனக்கு முதலே தெரியும் தங்கச்சி," என்றாள். "நான் மூண்டாம் வருஷம். புதுப்பிள்ளையள ராக்கிங் பண்ணப் போகமாட்டன் எண்டதால இஞ்ச ஒருத்தரும் என்னோட கதைக்கப்படாதெண்டு சீனியர்மார்ட சட்டம். நீங்க என்னக் கூப்பிட்டு இருத்தினவுடனேயே, இது நேத்து வந்த ஆள்தான் எண்டு விளங்கிட்டு."