இரண்டு தெருக்களுக்கும் ஒரே முட்டிவலி

"அது எப்படிய்யா ரெண்டு தெருவும் அச்சு அசலா ஒரே மாதிரி வரும்?" டாக்டரம்மா மேசையைத் தட்டியதில் பேனா உருண்டு கீழே விழுந்தது.

சுகாதாரக் கணக்கெடுப்பாளர் தலையைச் சொறிந்தார். அலுவலகத்தில் அவருக்கு 'முள் சார்' என்று பெயர். ரத்த அழுத்தம் பார்க்கும்போது கருவியின் முள்ளை விட்டு அவர் கண் நகராது. எதிரில் இருப்பது ஆளா, அலமாரியா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்.

வேலை சுலபமானதுதான். காலையில் பங்களாத் தெரு, மாலையில் அதன் முதுகுப்பக்கம் ஒண்டியிருக்கும் பின்தெரு. இல்லாதவர்களின் உடம்பு எவ்வளவு நொந்திருக்கிறது என்று எண்களில் காட்டிவிட்டால், பின்தெருவுக்கு ஓர் இலவச சுகாதார நிலையம் வரும். வித்தியாசமே இல்லையென்றால் வராது.

"பங்களாவிலயும் முட்டிவலி, பின்தெருவுலயும் முட்டிவலி. பிரஷரும் அதே. எங்கயாவது நிழல்ல உட்கார்ந்து நீங்களே எழுதிட்டீங்களா?"

"ஐயோ மேடம், ஒவ்வொரு கையையும் நானே பிடிச்சுப் பார்த்தேன்!"

"அப்போ கருவி கோளாறு. மாத்துங்க."

புதுக் கருவியோடு போனார். எண்கள் இன்னும் நெருங்கி வந்தன. பழைய கருவியாவது கொஞ்சம் தடுமாறி அவர் மானத்தைக் காப்பாற்றியிருந்தது.

"வசதி எப்படின்னும் சேர்த்துக் கேளுங்க," என்றார் டாக்டரம்மா.

கேட்டார். "வீட்ல எத்தனை ரூம்மா?"

"பதினொண்ணு சார்," என்று பங்களா வாசலில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அதான் முட்டி போச்சு."

பாவம் பணக்காரர்கள், வீட்டுக்குள்ளேயே நடந்து தேய்கிறார்களே என்று முள் சார் உருகிப்போனார். உருகியதோடு நிற்காமல் அதை அறிக்கையிலும் எழுதினார்.

டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு மூடி வைத்தார். பிறகு, "நாளைக்குச் சாயங்காலம் நானே கூட வர்றேன். அப்பவும் இதே கதைன்னா, நீங்க வேற வேலை தேடிக்கலாம்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வழிமறித்து நின்றாள். "என் முகத்துல என்ன மாறியிருக்கு, சொல்லுங்க பார்ப்போம்."

பழக்கதோஷத்தில் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "நாடி நல்லாத்தானே இருக்கு?"

"மூக்குக்கண்ணாடி போட்டு ஒரு வாரமாச்சுங்க!" கோபப்பட ஆரம்பித்தவள் சிரித்துவிட்டாள். "உங்களைக் கட்டிக்கிட்டும் எனக்கு இன்னும் பிரஷர் வரலையே, அதை எழுதுங்க உங்க அறிக்கையில."

மறுநாள் மாலை. பின்தெருக் குழாயடியில் டாக்டரம்மா பக்கத்தில் நிற்க, முள் சார் ஒரு பெண்ணின் கையில் பட்டையைச் சுற்றினார். முள் ஏறியது, வழக்கமான இடத்தில் வந்து நின்றது. வேலை போச்சு என்று நினைத்தபோது மனைவியின் கண்ணாடி ஞாபகம் வந்தது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக முள்ளை விட்டுக் கண்ணை உயர்த்தினார்.

"ஏம்மா... உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?"

அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இப்பவாவது தெரிஞ்சுதே! காலைல பங்களாவுல நீட்டின கைதான் சார் இது. யாராவது அளக்க வந்தா, அங்க எல்லா வீட்லயும் வேலைக்கு இருக்கிற எங்க தெரு ஆளுங்களைத்தானே வாசலுக்கு அனுப்புறாங்க!"