தாஜ்மஹால் மலை ஏறுமா?

உலகத்தில் உள்ள அத்தனை பாரம்பரியச் சின்னங்களுக்கும் மார்க் போட்டு, ஒன்றுவிடாமல் பெயிலாக்கிய ஒரே மனிதர் குன்னூர் டாக்சி ஸ்டாண்டில்தான் இருந்தார். எகிப்து பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், தாஜ்மஹால் எதுவும் அவரிடமிருந்து தப்பவில்லை. இத்தனைக்கும் அவர் ஒன்றையும் நேரில் பார்த்தவர் அல்ல. அவருடைய உலகம் மேட்டுப்பாளையத்தில் தொடங்கி ஊட்டியில் முடிந்துவிடும்.

ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் 'சின்னம்'. எங்கள் மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்த நாளிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயை விட்டு இறங்கவில்லை. சக டிரைவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அதையே அவர் தலையில் கட்டிவிட்டார்கள். தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர், "நம்ம சின்னம் மறந்துடாதீங்க" என்று கும்பிட, "அவரை எப்படீங்க மறக்கறது, தினம் இம்சை பண்றாரு" என்று பதில் வந்ததாம்.

நான் அப்போது ஒரு தேயிலை புரோக்கர் ஆபீசில் குமாஸ்தா. என் ஜன்னலுக்கு நேர் கீழே ஸ்டாண்ட். அதனால் சின்னத்தின் சொற்பொழிவுகளைக் கேட்க எனக்கு விருப்பம் தேவைப்படவில்லை, காது மட்டும் போதும்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரயில் டிக்கெட் கிடைக்காதவர்கள்தான் டாக்சி எடுப்பார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து ரயில் நின்றுபோனால் ஸ்டாண்டில் எல்லோர் முகத்திலும் தீபாவளி. சின்னம் மட்டும் சவரம்கூடச் செய்யாமல் துக்க வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பார். சவாரி கேட்டு வருபவர்களிடம், "ரெண்டு நாள் இருந்து பாருங்க, வண்டி உட்டுருவாங்க. அதுலயே போலாம்" என்று யோசனை சொல்லி அனுப்புவார். தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை ஒரு மனிதர் இவ்வளவு உற்சாகமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து அவர் வண்டியில் ஏறினேன். பின்சீட்டில் ஆக்ராவிலிருந்து வந்த ஒரு குடும்பம். ஆக்ரா என்று தெரிந்ததும் சின்னம் கண்ணாடியைத் திருப்பி அவர்களைப் பார்த்தார்.

"தாஜ்மஹால் நல்லாத்தானுங்க இருக்கும். இல்லீங்கல. ஆனா அது மலை ஏறுமான்னு கேட்டுச் சொல்லுங்க சார்."

என் அரைகுறை இந்தியில் கேட்டேன். ஆக்ராக்காரர் வெகுநேரம் யோசித்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

"அவ்வளவுதானுங்க" என்று சின்னம் கியரை மாற்றினார்.

பிரமிடுக்கும் இதே கதிதான். "பெரிய சமாதி. இருக்கட்டுமுங்க. எங்க வண்டி உசுரோட இருக்குது." சீனச் சுவர் மலைமேல் ஏறுகிறதே என்று நான் ஒருநாள் மடக்கப் பார்த்தேன். "சுவரு ஏறுது, வாஸ்தவம். அதும்மேல நாமதான நடக்கோணும்? எங்க வண்டில உக்காந்துக்கிட்டே முறுக்குத் தின்னுட்டு வரலாம்." மாமல்லபுரத்து ரதங்களைப் பற்றிச் சொன்னபோது உண்மையாகவே வருத்தப்பட்டார். "எவ்வளவு பாடுபட்டுத் தேரு செஞ்சிருக்காங்க. கடேசில நகர மாட்டேங்குதே."

டார்ஜிலிங் ரயில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சங்கடம். அதுவும் மலை ரயில், அதற்குத்தான் முதலில் பட்டம் கிடைத்தது. "அண்ணன்தானுங்க, மரியாதை உண்டு. ஆனா அண்ணனுக்குப் பல்லு இல்லை" என்பார். நடுத் தண்டவாளத்தின் பற்களைச் சக்கரப் பல்லால் கவ்விக்கொண்டு ஏறுவது எங்கள் வண்டிதான் என்று அர்த்தம். தஞ்சைப் பெரிய கோவிலைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். "அங்க சாமி இருக்குது. நாம மார்க் போடக்கூடாதுங்க."

அவர் வண்டியில் போவது ஒரு சோதனை. பர்லியாறு தாண்டி எங்காவது ரயில் ஊதும் சத்தம் கேட்டால் போதும், டாக்சி ஓரங்கட்டிவிடும். எல்லோரும் இறங்க வேண்டும். தூங்கிக்கொண்டிருக்கும் புதுமணத் தம்பதியும் இறங்க வேண்டும். மரங்களுக்கு நடுவில் நீலப் பெட்டிகள் நகர்வதைப் பார்த்து முடிக்கிற வரை யாரும் பேசக்கூடாது. "பாருங்க, எஞ்சினு பின்னால நின்னு தள்ளுது. முன்னால நின்னு இழுத்தா எல்லாருக்கும் தெரியும். பின்னால நின்னு தள்றவனுக்குத்தானுங்க பெரிய மனசு." ஊட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த புரோகிதரை இப்படி இறக்கி நிறுத்தியதில், அங்கே மாப்பிள்ளை மணவறையில் வியர்த்துப்போன கதை ஸ்டாண்டில் பிரசித்தம்.

ஜன்னல் வழியாகச் சிப்ஸ் கவரை எறிந்த ஒருவரை வளைவில் இறக்கி, திரும்ப நடக்கவிட்டுப் பொறுக்கிவரச் செய்ததை நானே பார்த்தேன். "ஏனுங்க, மலையும் உலகச் சொத்து, மலைல ஓடுற ரயிலும் உலகச் சொத்து. உங்க சொத்துல நீங்களே குப்பை போட்டா எப்படீங்க?"

ஆனால் குப்பையைக்கூட மன்னிப்பார், ஒரு சொல்லை மன்னிக்க மாட்டார். பொம்மை ரயில். அதைச் சொன்ன ஒரு பெரிய மனிதரைக் கொட்டுகிற மழையில் நடுரோட்டில் இறக்கிவிட்டார். "பொம்மைன்னா நீங்க கையில புடிச்சுத் தள்ளோணும். இது உங்களைய வெச்சுத் தள்ளுது. எறங்குங்க."

இந்தக் கிறுக்குக்கு என்ன காரணம் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"நான் பொறந்தது சிலோன்ல, தேயிலைத் தோட்டத்துல கூலிக்காரங்க குடியிருக்கற லயத்துலங்க. அங்க எங்களை இந்தியாக்காரன்னாங்க. சின்ன வயசுல இங்க கூட்டிட்டு வந்தாங்க. இங்க பள்ளிக்கூடத்துல சிலோன்காரன்னாங்க. தாத்தனோட ஊரு எதுன்னு அப்பனுக்கே தெரியாது. எதையும் என்னுதுன்னு சொல்ல வாய் வராதுங்க. அப்பறம் ஸ்டேஷன்ல போர்டு வெச்சாங்க, இது உலகத்துக்கே சொந்தம்னு. அப்ப எனக்கும் சொந்தம்தானுங்களே?"

நான் டீயைக் குடித்து முடித்தேன். அதற்குப் பிறகு அவர் சொற்பொழிவு ஆரம்பித்தால் ஜன்னலை மூடுவதை விட்டுவிட்டேன்.

சின்னத்துக்கு ஒரே மகள், சுகந்தி. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே லேபில் வேலை பார்க்கும் மேட்டுப்பாளையத்துப் பையனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனின் அப்பா மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தார். வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் பார்த்து "எந்த ஊரு?" என்று கேட்டுக் கேட்டு, மனிதர்களையும் அப்படியே கேட்கிற பழக்கம் அவருக்கு. சின்னத்திடமும் போனில் கேட்டார், "பூர்வீகம் எந்த ஊருங்க?" உலக அதிசயங்களையெல்லாம் வாயடைக்க வைத்த மனிதர் பதில் சொல்லத் தெரியாமல் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

"நேர்ல வந்து பேசிக்கறோம். மனசுக்குப் புடிச்சா தட்டு மாத்திக்கலாம். இல்லீன்னா அவங்கவங்க வழி" என்று மண்டிக்காரர் முடித்துவிட்டார். சுகந்தி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா வந்து என் மனைவியிடம் அழுதாள்.

இவ்வளவு கத்திமேல் நடக்கிற காரியத்தில் சின்னம் என்ன செய்தார் தெரியுமா? வேன் வைத்துக்கொண்டு வருகிறோம் என்றவர்களைத் தடுத்து, "மொதல் தடவையா எங்க ஊட்டுக்கு வர்றீங்க, ரயில்லதான் வரோணும்" என்று கெஞ்சிக் கூத்தாடி அத்தனை பேருக்கும் ரயிலில் டிக்கெட் போட்டார். அதுவும் ஐப்பசி மழையில். இந்த மலையில் பிறந்த பச்சைக் குழந்தைகூடச் செய்யாத காரியம்.

என்னையும் கூப்பிட்டார். "எங்க பக்கம் ஆளு கம்மிங்க சார். சொந்தக்காரங்க பாதிப்பேரு அக்கரைலயே நின்னுட்டாங்க. நீங்க பொண்ணுக்குச் சித்தப்பான்னு உக்காந்துருங்க." சரி என்றேன்.

நினைத்தபடியே ஆயிற்று. குன்னூருக்குக் கீழே தண்டவாளத்தில் மரம் சாய்ந்துவிட்டது. ரயில் ரன்னிமேடு ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. மரத்தை அறுத்து எடுக்க மாலையாகும் என்றார்கள். மதியத்துக்கு மேல் அஷ்டமி, நல்ல காரியம் ஆகாது.

சின்னம் தன் மனைவி, மகள், மச்சான், நான் எல்லோரையும் டாக்சியில் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினார். வண்டி போகிற வரை போய், மிச்சத்தைச் சேற்றில் நடந்தோம். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி சுகந்தி, டீ பிளாஸ்க்குகளோடு நான், தாம்பூலத் தட்டோடு மச்சான். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் ஒரு குரங்கு வந்து தட்டிலிருந்த வாழைப்பழச் சீப்பை முறையாகக் கையில் வாங்கிக்கொண்டு போயிற்று.

மண்டிக்காரர் குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, வேன்ல வந்திருந்தா இந்நேரம் சாப்பிட்டே முடிச்சிருப்போம். இந்தப் பொம்மை ரயில்ல ஏத்தி உட்டு எல்லாரையும் நடுக்காட்டுல உக்கார வெச்சுட்டீங்களே."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். சின்னம் மகளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார். "பழைய வண்டிதானுங்க. தப்பு எம்மேலதான்."

அவர் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்தபோது எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்று அவர் சும்மா நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எகிப்துக்கும் சீனாவுக்கும் தலைவணங்காதவர் ஒரு கிழங்கு மண்டிக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார்.

அப்போது சுகந்தி முன்னால் வந்தாள்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. பொம்மை ரயில்னு மட்டும் சொல்லாதீங்க. எங்கப்பா உங்க வாயால நல்ல வார்த்தை வரோணும்னுதான் உங்களை இதுல வரச் சொன்னாரு. எங்ககிட்ட பெருமையாக் காட்டறதுக்கு இதுதான் இருக்குது."

"சுகந்தி, சும்மா இரு" என்றார் சின்னம்.

"இல்லீங்கப்பா. மாமா, நீங்க பூர்வீகம் கேட்டீங்க. அது எங்களுக்குத் தெரியாது. தெரியாததைப் பொய்யாச் சொல்லிக் கல்யாணம் பண்ணிக்க எனக்கு இஷ்டமில்ல. நான் இந்த மலைல பொறந்தேன். அவ்வளவுதான் தெரியும்."

மாப்பிள்ளைப் பையன் வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். மண்டிக்காரர் நான் ஊற்றிக் கொடுத்த டீயை உறிஞ்சினார். ரயிலை ஒருமுறை, சேறு பூசிய சுகந்தியின் கால்களை ஒருமுறை பார்த்தார்.

"வெதைக் கிழங்கு எங்கிருந்தெல்லாமோ வருதும்மா" என்றார் மெதுவாக. "நம்மாளுக வாங்கிட்டு வந்து இங்க நடறாங்க. வெளஞ்சு மண்டிக்கு வந்தா, நான் அதை ஊட்டிக் கிழங்குன்னு கூவித்தான் விக்கறேன். ஒருத்தனும் வெதை எந்த ஊருன்னு கேட்டதில்ல. நானும் கேட்டிருக்கக் கூடாது." பிறகு சின்னத்தைப் பார்த்தார். "சம்பந்தி, வண்டி நல்ல வண்டிதானுங்க. மரம் உழுந்தா அது என்ன பண்ணும்? தட்டை எடுங்க, நேரம் போகுது."

சின்னத்தின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னம் தட்டை எடுக்கப் போனவர், எதற்குப் போனோம் என்பதை மறந்து நின்றார்.

பிளாட்பாரத்தில் ஜமுக்காளம் விரித்தார்கள். மாப்பிள்ளை பக்கம் ஒரு பெட்டி நிறைய ஜனம். எங்கள் பக்கம் கை விரல்களுக்குள் அடங்கிவிட்டோம். மண்டிக்காரர் குறையாகக் கேட்கவில்லை, வழக்கமாகக் கேட்டார், "பொண்ணு ஊட்டுக்காரங்க இவ்வளவுதானுங்களா?"

அதுவரை பெட்டி ஜன்னல்களில் தொங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு வங்காளத்து அம்மாள் முதலில் இறங்கினார். என்ன புரிந்ததோ, நேராக வந்து சுகந்தியின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. பிறகு ஒரு குஜராத்திக் கூட்டமே, தேப்லா ரொட்டி டப்பாவோடு. பச்சைக்கொடியையும் சிவப்புக்கொடியையும் கக்கத்தில் இடுக்கியபடி பிரேக் போடும் ஊழியர்கள். தண்டவாள வேலையாட்கள். ஜமுக்காளம் போதாமல் எங்கள் பக்கம் எஞ்சின் வரை நீண்டுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார்தான் ஒதுங்கி இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

தட்டு மாறியபோது சின்னம் யாருடைய தோளையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தேடினார். பக்கத்தில் நான் இருந்தேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. நான் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டேன். போன மாதம் சுகந்தியின் குழந்தைக்குக் காதுகுத்து. மண்டபத்து வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண், நான் எந்தப் பக்கம் என்று கேட்டாள். பெண் வீட்டார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.