பொதுமக்களாகிய முத்துத்தாய்

சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மகிழ்ச்சியை முறைப்படி நடத்திக் காட்டிய முதல் தெரு, சங்கரன்கோவிலில் தறிச்சத்தம் ஓயாத அந்த நெசவுத்தெருதான். ஆண்டு 1982. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கென்று அங்கே ஒரு 'மகிழ்ச்சிக் குழு'வே அமைக்கப்பட்டிருந்தது.

முத்துத்தாய்க்குப் பெரிய மகிழ்ச்சியெல்லாம் வேண்டாம். போன கொடையில் பிச்சம்மாள் பாடிய வில்லுப்பாட்டில், கிணற்றைப் பறிகொடுத்த ஒருத்தி ராசாவிடம் நியாயம் கேட்டாள். ராசா வாயைத் திறக்கும் நேரத்தில், யாருக்கோ துண்டு போர்த்தப் பாட்டை நிறுத்தினார்கள். பிறகு கரண்டும் போய்விட்டது. ராசா வாயைத் திறந்தபடியே ஒரு வருஷமாக நிற்கிறான். முத்துத்தாயும் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே காத்திருக்கிறாள்.

இந்த வருஷம் வெயில் தாழுமுன்பே மேடைக்கு முன்னால் பாய் விரித்துவிட்டாள்.

'கௌரவிப்பு' தொடங்கியது. துண்டு நெய்கிற ஊரில் துண்டுக்குப் பஞ்சமா? வாழைமரம் கட்டியவர் மேடைக்கு அழைக்கப்பட்டார். அவருக்கு ஏணி பிடித்தவர் அழைக்கப்பட்டார். ஏணியை இரவல் கொடுத்தவரும், கேட்டும் கொடுக்காமல் 'மனதளவில் ஆதரவு நல்கியவரும்' அழைக்கப்பட்டனர். துண்டு போர்த்தப்பட்டவரைக் கீழே இறக்கினால் மரியாதைக் குறைவாம். எல்லாருக்கும் மேலேயே நாற்காலி.

"ஏங்க, கதை எப்பம் ஆரம்பிக்கும்?" என்று கீழிருந்து கேட்டாள் முத்துத்தாய்.

அவள் புருஷன் நல்லகண்ணுதான் குழுச் செயலாளர். மைக்கிலேயே பதில் வந்தது: "பொதுமக்கள் அமைதி காக்கவும். ஏட்டி, செத்த சும்மா இரி!"

"பொதுமக்கள்னா யாரு?"

"நீதாம்ட்டி. மத்தவுகள்லாம் மேல வந்தாச்சு."

பிச்சம்மாள் வில்லும் குடமும் ஆட்களுமாக வந்து சேர்ந்தாள். மேடையில் கால் வைக்க இடமில்லை.

"அண்ணாச்சி, நாங்க எங்கன உக்காந்து பாட?"

தலைவர் வெள்ளத்துரை ஆழ்ந்து யோசித்தார். "கீழ உக்காருங்க தாயி. பொதுமக்களும் கொஞ்சம் கூட்டமாத் தெரியும்லா."

எல்லாருக்கும் அந்த ஒரு பாயே போதுமானதாயிருந்தது. முத்துத்தாய் பிச்சம்மாளின் காதருகே குனிந்தாள்.

"எக்கா, அந்த ராசா என்னதான் சொன்னான்?"

"பாடித்தான் சொல்லணும் தாயி. சும்மா சொன்னா சாமிகுத்தமாயிரும்."

குடம் முழங்கியது. வில்லில் கோல் பட்டு மணிகள் குலுங்கின. போன வருஷம் விட்ட இடத்திலிருந்தே பாட்டு தொடங்கியது. ராசா இதோ வாயைத் திறந்துவிட்டான்...

"யாருலே அங்கன சத்தம் போடுதது?" வெள்ளத்துரையின் குரல் மைக்கில் உறுமியது. "இங்கன விழா நடந்துகிட்டு இருக்குல்லா! பாட்டுப் படிக்கவங்க வெளிய போங்க!"

முத்துத்தாய் எழுந்து பாயை உதறிச் சுருட்டினாள்.

"வாங்கக்கா, தறிக்கொட்டகைக்குப் போவோம். அந்த ராசாவாவது பதில் சொல்லட்டும்."

மேடையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அடுத்த கொடைக்கு மேடையை இன்னும் அகலமாகப் போடுவதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நல்லகண்ணு நன்றியுரை நிகழ்த்தினார்: "இறுதிவரை ஒரு சத்தமும் எழுப்பாத பொதுமக்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி!"

மேடை முழுவதும் கைதட்டியது.

கீழே யாரும் இல்லை.