தலைவிக்குப் பணம், தலைவருக்குக் காவல்

தன் மனைவி புஷ்பலதா எந்தக் காலத்திலும் தாம்பரம் பக்கம் வந்து குடியேறக் கூடாது என்பதில் குமரேசன் உறுதியாக இருந்தான். பெண்டாட்டி மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. பிரியம்தான். அவள் வந்தவாசிப் பக்கத்து ஊரில் இருக்கும்வரை அந்தப் பிரியத்துக்குக் குறைவே இல்லை. தாம்பரத்தை ஒட்டிய சேலையூர் கேம்ப் ரோட்டில் அவனுக்குப் பரோட்டா மாஸ்டர் வேலை. பியூலா டீச்சர் வீட்டு மாடியில் ஓர் அறை. செவ்வாய் லீவு. மதியம்வரை தூக்கம், பிறகு சீட்டு, பிறகு சினிமா. எங்கே போனாய் என்று கேட்க ஆளில்லை.

பொங்கலுக்குப் பொங்கல் அவள் கேட்பாள், நானும் வர்றேனே என்று. அவனும் வாடகையையும் தண்ணீர்க் கஷ்டத்தையும் சொல்லித் தப்பிப்பான். குடும்பத் தலைவிகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஆயிரம் ரூபாய் போடத் தொடங்கியதும் அவனுக்கு யோசனை பிறந்தது. போன் போட்டான்.

"வூட்ல ஆள் இருந்தாத்தான் பணம் வரும் புஷ்பா. ஆபீசருங்க திடீர்னு வந்து பாப்பாங்க. பூட்டு தொங்குச்சுன்னா பேரை அடிச்சிருவாங்க."

"அப்படியா மாமா?"

"பின்ன? ஒருத்தர் சம்பாதிக்கணும், ஒருத்தர் வூட்டையும் மாட்டையும் பாத்துக்கணும். அதான் குடும்பம்."

அடுத்த பொங்கலுக்கு அவள் கேட்கவே இல்லை. ஜனங்களை ஊரிலேயே உட்கார வைக்க இந்த ஆயிரம் போதும் என்று குமரேசன் பரோட்டாக் கல்லருகே நின்று முதலாளி சவுரிமுத்துவுக்கு வகுப்பெடுத்தான். பாத்திரம் கழுவ ஆள் கிடைக்காத கடுப்பில் அவரும் ஆமாம் என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தான். கையில் பையும் உடம்பில் நீல யூனிபார்முமாகப் புஷ்பலதா. பின்னால் பியூலா டீச்சர், சிரித்த முகமாக.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாம். தாம்பரத்திலேயே கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்ளுமாம். நேர்முகத்துக்கு வந்துபோன செலவு, ஷூ, முதல் மாதச் சாப்பாடு எல்லாம் அவள் தொடாமல் வைத்திருந்த அந்த மாதப் பணத்தில்தான். கையில் காசில்லாமல்தான் இத்தனை வருஷம் ஊரைத் தாண்டவில்லையாம். சம்பளம் அவனுடையதைவிட அதிகம் என்பதை டீச்சர் எடுத்துச் சொன்னார்.

குமரேசன் பழைய ஆயுதத்தையே எடுத்தான். வீட்டில் பூட்டு தொங்குமே, பணம் நின்றுவிடுமே என்றான்.

"அதுக்குத்தான் நீங்க போறீங்க மாமா. ஒருத்தர் சம்பாதிக்கணும், ஒருத்தர் வூட்டைப் பாத்துக்கணும். பணம் தலைவிக்கு, காவல் தலைவருக்கு. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

உண்மையைச் சொன்னால் இருவரும் இங்கே, செவ்வாய்க்கிழமை போச்சு. சொல்லாவிட்டால் சேலையூரே போச்சு. மனசைக் கல்லாக்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமையை விட்டுக்கொடுத்தான்.

"அது பொய் புஷ்பா. எந்த ஆபீசரும் வர மாட்டான். நான் சும்மா சொன்னது."

"தெரியும் மாமா. மறுநாளே ரேஷன் கடையில கேட்டுட்டேன்."

அவனுக்கு உயிர் திரும்பியது. "அப்போ நான் போக வேணாம்ல?"

புஷ்பலதா அவன் லுங்கியை மடித்துப் பையில் வைத்தாள்.

"ஆபீசருதான் பொய். மாடு ரெண்டும் நெஜமாச்சே. சாயங்காலம் பால் கறக்கணும், கெளம்புங்க."