எட்டுச் சிப்பாய் ஏற்பாடு

1958-ஆம் வருஷம் புதுக்கோட்டையில் ஆபீசுகளுக்குள் சதுரங்கப் போட்டி வைத்தார்கள். ஒரு தாலுகா ஆபீசின் சார்பில் டெம்பரரி குமாஸ்தா முத்துராமன் வெள்ளைக் காய்களோடு ஆடுவதென்று உத்தரவாயிற்று. ஜெயித்தால் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாகத் தாசில்தார் வாக்குக் கொடுத்தார். ஏழு வருஷமாக டெம்பரரியாகவே காய்ந்துகொண்டிருந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளை எப்படித் தொடங்குவது, எதிராளி இப்படி வந்தால் அப்படி, அப்படி வந்தால் இப்படி என்று பத்து நாள் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினான். ஆபீஸ் பெயரில் ஆடுவதால் அது ஃபைலாகி மேலே போயிற்று. ஐந்தாம் நாள் கூப்பிட்டார்கள்.

"என்னய்யா, ராஜாவுக்கு முன்னால நிக்கிற சிப்பாய்க்கு எடுத்த எடுப்புலயே ரெண்டு கட்டமா?" என்றார் ஹெட்கிளார்க் உடையப்பன். "நான் ஒரு கட்டம் நகர பதினாலு வருசம் ஆச்சு!"

"ஆட்டத்துல அப்படி இடமிருக்குங்க."

"மத்த ஏழு சிப்பாயும் பெட்டிசன் போட்டா?" என்று தாசில்தார் பேனாவை எடுத்தார். "இடது கோடியிலேருந்து வரிசையா, ஆளுக்கு ஒரு கட்டம். எட்டும் நகர்ந்த பிறகுதான் மத்ததெல்லாம்."

"அதுக்குள்ள எதிராளி வெட்டிப்புடுவாருங்களே!"

"வெட்டினா ரிப்போர்ட் எழுது."

நாற்பது பக்கம் ஒரு வரியாகித் திரும்பி வந்தது. முத்துராமனுக்கு அழுகை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

போட்டியில் எதிரே இன்னோர் ஆபீசின் ஞானமணி. முத்துராமன் முதல் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினான். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. கூட்டம் சிரித்தது. "ரஷ்யாவுல இப்ப இதுதானாம்" என்று யாரோ சொன்னதும் சிரிப்பு நின்றது. ஞானமணிக்கு வியர்த்துக் கொட்டியது. பயத்தில் ராணியைக் கொண்டுபோய் மூன்றாவது சிப்பாயின் வாயில் வைத்தார்.

முறைப்படி இப்போது ஐந்தாவது சிப்பாய் நகர வேண்டும். முத்துராமன் தாசில்தாரைப் பார்த்தான். அவர் ஐந்து விரலைக் காட்டினார். ஜெயித்தால்தானே வேலை என்று ராணியை வெட்டினான், அரைமணியில் ஜெயித்தான்.

மறுநாள் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, எட்டுச் சிப்பாய் ஏற்பாட்டின் மகத்தான வெற்றியைப் பாராட்டி எல்லா ஆபீசுக்கும் சுற்றறிக்கை. மற்றது, நான்கு சிப்பாய்கள் வரிசையில் காத்திருக்க, ஒரே சிப்பாய்க்கு இரண்டாம் வாய்ப்பு வழங்கிய குற்றத்துக்காக முத்துராமனை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு.

அடுத்த வாரத்திலிருந்து ஊரே சிப்பாயை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தித் தோற்றது. தோற்றவர்கள் முத்துராமன் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஜெயிச்ச கைங்க. எங்களுக்கும் அந்த முறையைச் சொல்லிக் குடுங்க."

அது முறையே இல்லை, ராணியை வெட்டியதால்தான் ஜெயித்தேன் என்று மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தான். ரகசியத்தை மறைக்கிறான் என்று கோபித்துக்கொண்டு போனார்கள்.

நாலாவதாக வந்தவரிடம், "மனுவா எழுதிக்கிட்டு வாங்க, பரிசீலிக்கிறேன்" என்றான்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எத்தனை காப்பிங்க?" என்று கேட்டார்.