மேகம் பார்க்கும் மன்றம்

"மேகம் பார்க்கும் மன்றமா? அதுல என்ன சார் சொல்லிக் குடுப்பீங்க?"

தலைமையாசிரியை யூனிஸ் மேடம் பென்னி சாரைக் கேட்டார்.

"மாடியில மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்கணும் மேடம். அவ்வளவுதான்."

"மாடியிலயா?" மேடத்தின் கண் ஒரு தரம் மேலே போய் வந்தது. அப்புறம் சிரித்தார். "தாராளமா செய்ங்க சார்."

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு மன்றத்தில் இருக்க வேண்டும், ஆசிரியர்கள் ஆளுக்கொன்று நடத்த வேண்டும் என்பது பள்ளியின் புது விதி. செஸ், நடனம், ரோபோ எல்லாவற்றையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு அள்ளிவிட்டார்கள். இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த வரலாற்று வாத்தியார் பென்னிக்கு அதில் வருத்தமே இல்லை. அவருக்கு வேண்டியது அந்த மொட்டை மாடி. அவருடைய மன்றத்தில் ஒரு பிள்ளையும் சேராது, தனியாக நிம்மதியாகப் படுத்திருக்கலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார்.

முதல் சனிக்கிழமை அப்படியேதான் நடந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்தார். பம்மல் கூரைகளுக்கு மேலே ஒரு மேகம் யானையாக வந்தது, தும்பிக்கையை உதிர்த்துப் படகானது, படகும் கரைந்து வெறும் வெள்ளையானது. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று அதற்குள் புகுந்து, அவசரமே இல்லாமல் வெளியே வந்தது. வாரம் முழுக்கப் பானிபட் யுத்தம் நடத்திய மனுஷன், தான் தரையில் இருப்பதையே மறந்துபோனார். சொர்க்கம்தான், போங்க!

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மேடம் மைக்கைப் பிடித்தார். "பென்னி சார் மன்றத்துல சேர்ற எல்லாருக்கும் சர்ட்டிஃபிகேட் உண்டு!"

போச்சு. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் அந்த வார்த்தையைக் கேட்டுச் சும்மா இருக்கிற பெற்றோர் யார்? அடுத்த சனிக்கிழமை மாடியில் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகளோடு அம்மாக்களும் ஏறி வந்திருந்தார்கள்.

"சார், என் பொண்ணு கராத்தேல பிரவுன் பெல்ட்" என்றாள் ரமா என்கிற அம்மா. "மேகத்துல பெல்ட் உண்டா?"

"மேகத்துல மேகம் மட்டும்தாம்மா உண்டு."

"சரி, எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

"அண்ணாந்து பார்க்கறதுலேருந்து."

ரமா அதைப் போனில் பதிவு செய்துகொண்டாள்.

பென்னி மேடத்திடம் ஓடினார். "கூட்டம் தாங்கல மேடம். நுழைவுத் தேர்வுன்னு ஒண்ணு வெச்சா பாதிப் பேர் ஓடிடுவாங்க."

"அருமையான யோசனை சார்! நானே அறிவிச்சுடறேன்."

அறிவித்தார். குரோம்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டர் அந்த வாரமே மேகத்துக்கு ஸ்பெஷல் கோச்சிங் ஆரம்பித்தது. ஒரு பிள்ளைகூட ஃபெயில் ஆகவில்லை.

"சார், அந்த மேகம் எனக்கு முயலாட்டம் தெரியுது" என்றாள் ரமாவின் மகள் ஜீவிதா. "ஆனா சென்டர்ல ஆமைன்னு எழுதினாத்தான் மார்க்குன்னு சொன்னாங்க."

"உனக்கு எது தெரியுதோ அதைப் பாரும்மா."

"அது சிலபஸ்ல இருக்கா சார்?"

பென்னிக்கு அழுகை வந்தது. கடைசி அஸ்திரமாக, "இனிமே உச்சி வெயில்லதான் வகுப்பு, தொப்பி போடக்கூடாது" என்று சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் கறுத்துப்போவார்களே என்று அம்மாக்கள் மேடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். மறு வாரம் மாடி முழுக்க ஷாமியானா. அண்ணாந்தால் சிவப்பும் மஞ்சளுமாகத் துணிதான் தெரிந்தது.

"வானம் தெரியலையே மேடம்!"

"அதுக்கென்ன சார்? துணியைப் பிரிச்சுடுவோம். நீங்க கீழ ஆடிட்டோரியத்துக்கு மாறிடுங்க. ஏசி இருக்கு, பெரிய திரை இருக்கு. மேகத்தை வீடியோவா போடுங்க."

பெற்றோர் கைதட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை இருட்டு ஆடிட்டோரியத்தில் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் திரையைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். ஓட வேண்டிய மேகம் நடுவில் நின்று சுற்றியது. நெட் ஸ்லோ. வெளியே எங்கேயோ ஒரு விமானம் தாழ இறங்குகிற சத்தம் கேட்டது. பென்னி கதவைப் பார்த்தார். எத்தனை மேகம் வீணாகப் போகுதோ! அஞ்சே நிமிஷமாவது நிஜ வானத்தைப் பார்க்காவிட்டால் செத்துவிடுவோம் என்று தோன்ற, பூனை மாதிரி நழுவி மாடிப்படிக்கு ஓடினார்.

படியை மறித்து உட்கார்ந்திருந்தாள் பள்ளி ஆயா பச்சையம்மா.

"வழி விடு பச்சையம்மா, ஒரே ஒரு மேகம் பார்த்துட்டு வந்துடறேன்."

"உஷ்! மெதுவா பேசு சார், எச்.எம். அம்மா இப்பத்தான் அசந்துச்சு. வருசக்கணக்கா சனிக்கெழமையானா மேல படுத்துகினு வானம் பாத்த மனுசி, நடுவுல நீ பூந்துகினதுல அதுக்கு ஒரே பேஜாராப் பூடுச்சு!"