நூற்றுக்கு ஐந்து தலைகள்

அன்பு மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே ஒருவரும் நலமில்லை. புள்ளியியல் பேராசிரியராகிய நீ அங்கே நலமாகத்தான் இருப்பாய். என் கண்ணில் படும்வரை அப்படியே இரு.

வீட்டைப் புதுப்பித்தபோது கதவுக்கு மேலே பெரிய பரண் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது வாஸ்தவம்தான். மேஸ்திரி, "வாசல் எல்லாம் ஏழடி வெச்சிடலாம் சார், பரண் சின்னதா இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றார். நான் தலையாட்டியும்விட்டேன். உன்னை யார் கூப்பிட்டார்கள்? பூசாத சுவரில் சாக்பீஸால் கோயில் மணி மாதிரி ஒரு வளைகோட்டை வரைந்தாய். ஆம்பளைங்க சராசரி உயரம் நூத்தி அறுபத்தஞ்சு சென்டிமீட்டர், திட்டவிலக்கம் ஆறு, இதுக்குப் பேர் இயல்நிலைப் பரவல், நூத்தி எழுபத்தஞ்சுல வாசல் வெச்சா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேர் குனியாம வரலாம் அத்தான், மீதி அஞ்சு பேருக்காகப் பரணை விடுவீங்களா என்று கேட்டாய். சைக்கிள் கடைக்காரன் நான், படித்தவன் சொல்கிறானே என்று நம்பித் தொலைத்தேன்.

நேற்று அந்த ஐந்து பேரும் வந்தார்கள்.

என் மகள் இரண்டு வருடமாக மனதில் வைத்திருந்த பையன், அவன் அப்பா, பெரியப்பா, இரண்டு அண்ணன்கள். எல்லோரும் கைப்பந்து ஆடுகிற குடும்பம். முதலில் வந்த அப்பா நெற்றியில் டங்கென்று இடித்துக்கொண்டார். பின்னால் வருகிறவர்களை எச்சரிக்கத் திரும்பியதில் பின்மண்டையிலும் வாங்கினார். அதைப் பார்த்துச் சிரித்த பெரியப்பா சிரித்தபடியே இடித்தார். பெரிய அண்ணன் உஷாராகக் குனிந்தான், ஆனால் அவசரப்பட்டு நிமிர்ந்தான். சின்னவன் அண்ணனைத் தாங்கப் பாய்ந்தான், அவனுக்கும் கிடைத்தது. பையன் மட்டும் தப்பித்து உட்கார்ந்தான் என்று மூச்சுவிட்டால், தண்ணி எடுத்துட்டு வர்றேன்னு எழுந்து சமையலறை வாசல்ல மோதினான். ஒண்ணேமுக்கால் மீட்டருக்கு மேல போற வாசல் இந்த வீட்ல ஒண்ணு கூட இல்லடா! என் உயரத்துக்கு நான் மட்டும்தான் நிமிர்ந்து ஓடி ஓடி மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருந்தேன். பாவம் என் பொண்ணு, ஐஸ் கட்டியைத் துணியில சுத்தி அஞ்சு பேர் தலைக்கும் ஒத்தடம் கொடுத்தா.

"சொல்லி அனுப்புறோம்"னு எழுந்து போனாங்க. போகும்போது பெரியப்பா மறுபடி இடிச்சார். பொண்ணு அறைக்குள்ள போய்த் தாழ் போட்டவ இன்னும் திறக்கலை. "என் தம்பியைச் சொல்லாதீங்க, உங்களுக்குப் பரண் ஆசை" என்கிறாள் உன் அக்கா. அவ்வளவு பெரிய பரணில் இருப்பது ஒரு பழைய ஸ்டவ்வும் உன் கல்லூரிக் காலத்துப் புத்தகங்களும்!

வயிறு எரிந்து உனக்குப் போன் செய்தால், "அத்தான், அந்தக் கணக்கு தற்செயலா வர்ற ஆளுங்களுக்குத்தான். குடும்பமா வந்தா செல்லாது" என்கிறாய். ஏன்டா, வீட்டுக்குத் தற்செயலா யாருடா வருவான்? திருடன் வருவான்! சொந்தம்னு வர்றவன் குடும்பத்தோடதான் வருவான். இத்தனை வருஷம் பாடம் நடத்துற, உயரம் அப்பன்கிட்டேருந்து பிள்ளைக்கு வரும்னு உனக்கு யாரும் சொல்லலையா? இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போனால் என் மகள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

இனி நீயும் உன் மணியும் என் வீட்டுப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். உனக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பையனின் அப்பா போன் செய்தார். "எங்க போனாலும் நாங்க இடிச்சுக்குவோம், எல்லாரும் சிரிப்பாங்க. ஓடி வந்து ஒத்தடம் கொடுத்த பொண்ணை இப்பத்தான் பார்க்கிறோம். எங்களுக்குப் பூரண சம்மதம்" என்றார். மகள் கதவைத் திறந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நாள் குறிக்க வருகிறார்கள், நீ முதல் ஆளாக வந்து நிற்க வேண்டும். பரணை இடிக்கச் சொல்லிவிட்டேன். பிறக்கப்போகிற பேரப்பிள்ளைகளுக்கு எத்தனை அடியில் வாசல் வைப்பது என்று கணக்குப் போட்டுக் கொண்டுவா. ஒருத்தரையும் விட்டுடாதே. இனிமே அந்த அஞ்சு பேரும் நம்ம ஆளுங்கடா.